சொந்தப் பக்கத்தையும் ஏசும் பாட்டு

இரவு பதினொன்றரைக்குக் கடைசி மேசைக்காரர் எழும்பிப் போனபின்பும் எங்கள் குசினியில் ஒன்றரை மணித்தியால வேலை இருக்கும். அடுப்புத் தேய்க்க வேண்டும், நிலம் கழுவ வேண்டும், நாளைக்கு வெங்காயம் வெட்டி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பாட்டுப்பெட்டி யாருடைய கையில் என்பதில்தான் சண்டை. தமிழர் நாங்கள் மூன்று பேர். நாலாவது ஆள் பெரிய சமையற்காரர், அறுபதை நெருங்கிய பிரெஞ்சுக்காரர். எங்கள் முறை வந்தால் இளையராஜா. அவர் முறை வந்தால், தகரத்தைச் சீமெந்து நிலத்தில் இழுப்பதுபோல ஒரு சத்தம். முதல் ஒரு வருடம் அது எங்களுக்குப் பாட்டாகவே படவில்லை. "இதென்ன, பாட்டோ, அடிபாடோ?" என்று எங்களில் ஒருவர் தமிழில் புறுபுறுத்தார். என்ன சொல்கிறார் என்று சமையற்காரர் கேட்க, மொழிபெயர்த்தோம். "இரண்டும்தான்" என்றார்.

அந்தச் சத்தத்துக்குப் பங்க் என்று பெயர். 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் றொக் இசைக்குள்ளிருந்தே றொக்கை எதிர்த்துக் கிளம்பியது. இருபது நிமிட கிற்றார் வித்தை வேண்டாம், மூன்று சுரக்கோவை தெரிந்தால் மேடையேறலாம், இரண்டரை நிமிடத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கலாம் என்பது அதன் கொள்கை. எங்களில் ஒருவரும் இசை படித்தவரல்ல. அதிகம் படித்தவர் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தோடு நின்றவர். இதை எழுதும் கை அவருடையது, கருத்து மூவருடையது. ஆகவே இதை இசை விமர்சனமாக அன்றி, கேட்டவர்களின் சாட்சியமாக வாசிக்கவும்.

ஊரில் நாங்கள் வளர்ந்த காலத்தில் காதுக்கு வந்தவை பெரும்பாலும் இரண்டு வகைப் பாட்டுகள். ஒன்று சினிமாப் பாட்டு. மற்றது இயக்கப் பாட்டு. இரண்டிலும் நல்லவை உண்டு. சிலதைக் கேட்டால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தைப் பார்த்து, 'நீ செய்வது பிழை' என்று சொல்லும் ஒரு பாட்டை நாங்கள் கேட்டதில்லை. கவிதையில் அந்தக் குரல் இருந்தது. அதற்குக் கொடுத்த விலையும் தெரிந்ததே. 1991இல் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே வருடம் விடுதலைப் புலிகளால் கடத்தப்பட்ட செல்வி திரும்பி வரவில்லை.

இந்தக் காதுகளோடுதான் நாங்கள் பங்க் கேட்கத் தொடங்கினோம். எங்களிடம் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்தப் பாட்டு யாரைக் கோபப்படுத்தும்? எதிரியை மட்டுமா, சொந்த ஆட்களையுமா? கீழே வருபவை அந்த அளவுகோலில் தேறிய ஐந்து குழுக்கள்.

முதலாவது, பெல்ஃபாஸ்ற்றின் ஸ்டிஃப் லிற்றில் ஃபிங்கர்ஸ். வட அயர்லாந்தில் 1960களின் கடைசியிலிருந்து 1998 உடன்படிக்கைவரை நடந்த மோதலில் ஏறத்தாழ 3,500 பேர் இறந்தார்கள். ஒரு பக்கம் ஐ.ஆர்.ஏ., மறுபக்கம் பிரிட்டனுக்கு விசுவாசமான ஆயுதக் குழுக்கள், தெருவில் பிரிட்டிஷ் இராணுவம். இந்த நடுவில் 1977இல் சில பெடியள் பிறர் பாட்டுகளைப் பிரதிபண்ணுவதை விட்டுவிட்டுத் தங்கள் தெருவைப் பற்றிப் பாடத் தொடங்கினார்கள். 1979இல் வந்த அவர்களது முதல் இசைத்தட்டின் பெயர் 'இன்ஃபிளேமபிள் மெற்றீரியல்', எரிபற்றும் பொருள் என்று அர்த்தம். ஒரு சிறு சுதந்திரக் கொம்பனி வெளியிட்ட அந்தத் தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம்வரை போனது.

பாடகர் ஜேக் பேர்ண்ஸின் குரல் அரம் போட்டதுபோல இருக்கும். அவர் பாடுவதன் சாரம் இதுதான்: உன் விடுதலைக்கு என்று சொல்லித் துவக்கோடு வருபவனும் உன் பாதுகாப்புக்கு என்று சொல்லித் துவக்கோடு வருபவனும் உன்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள், வாயை மூடு என்று. இதை லண்டனில் இருந்து பாடுவது சுலபம். பாடிவிட்டு இரவு அதே தெருவால் வீட்டுக்கு நடந்து போக வேண்டிய ஊரில் பாடுவது வேறு. இந்தக் குழுமேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பாட்டு வரிகளில் கோர்டன் ஒகில்வி என்ற பத்திரிகையாளருக்குப் பங்கு இருந்ததால், இவர்கள் எங்கள் இரத்தத்தைச் செய்தியாக்கி விற்கிறார்கள் என்றார்கள். எங்களுக்குப் பழக்கமான குற்றச்சாட்டு. சொந்தத் துன்பத்தைப் பற்றிப் பேசுகிறவனை 'விற்கிறான்' என்று சொல்லி வாயடைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது போலும்.

இதே வட அயர்லாந்தின் டெரி நகரிலிருந்து அண்டர்டோன்ஸ் என்றொரு குழுவும் வந்தது. 1972 ஜனவரியில் ஊர்வலம் போன மக்கள்மீது இராணுவம் சுட்டு 13 பேர் அந்த இடத்திலேயே இறந்த நகரம் அது. ஆனால் 1978இல் அண்டர்டோன்ஸ் பாடிய 'ரீனேஜ் கிக்ஸ்' ஒரு பொடியனுக்குப் பெட்டையொருத்தி மேல் வந்த ஆசையைப் பற்றியது, வேறொன்றுமில்லை. பிபிசியின் ஜோன் பீல் அந்தப் பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். அவரது கல்லறைக் கல்லிலும் அதன் வரி இருக்கிறது. எங்கள் மூவருக்குள்ளும் இங்கே பிளவு. யுத்தம் நடக்கும் ஊரில் காதலைப் பாடுவது ஓடி ஒளிவது என்கிறார் ஒருவர். யுத்தம் எங்கள் பாட்டையும் பிடுங்க நாங்கள் விடமாட்டோம் என்று சொல்வதுதான் அது என்கிறார் மற்றவர். மூன்றாமவர் இரண்டு பாட்டையும் மாறிமாறிப் போடுகிறார். வழக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டாவது, லண்டனின் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். பாடகி பொலி ஸ்ரைறீன்; இயற்பெயர் மரியான் எலியற்-செயிட், பிறந்தது 1957. தகப்பன் சோமாலியர், தாய் வெள்ளைக்காரி. பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு, அழகாகத் தோன்ற வேண்டிய மேடையில் அழகாகத் தோன்ற மறுத்தவர். பெண்பிள்ளை வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் 1977இல் வந்த அவரது முதல் இசைத்தட்டை ஒருமுறை கேட்கவேண்டும். கிற்றாரோடு சக்ஸபோன் போட்டி போட, அதற்கு மேலால் அவர் குரல் கிழித்துக்கொண்டு போகும். 1978இல் வந்த 'ஜேர்ம்ஃப்றீ அடொலசென்ற்ஸ்' முழுவதும் பிளாஸ்ரிக், விளம்பரம், சுப்பர்மார்க்கற், கண்ணாடியில் தன்னைத் தேடும் பெண் என்று போகிறது. அவர் வெறுமனே முதலாளியத்தை ஏசவில்லை. அந்தச் சாமான்களில் ஆசைப்படும் தன்னையும் ஏசுகிறார். லாச்சப்பல் கடைத்தெருவில் நகைக்கடைக் கண்ணாடி முன்னால் நிற்கும் எங்களுக்கு இது நன்றாகவே விளங்கும். 2011இல் புற்றுநோயால் இறந்தார். மகள் எடுத்த விவரணப்படம் 2021இல் வந்தது. வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளைகள் இருந்தால் சேர்ந்து பாருங்கள்.

மூன்றாவது, கிளாஷ். பலருக்கும் பெயராவது தெரிந்திருக்கும். 1976 ஆகஸ்ற்றில், புகழ்பெற்ற கிற்றார் கலைஞர் எரிக் கிளப்ரன் பேமிங்ஹாம் மேடையில் வெறியில் நின்று, குடியேறியவர்களை வெளியேற்ற வேண்டும் என்றும் இனொக் பவல் சொன்னது சரி என்றும் பேசினார். இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஜமேய்க்காவின் பொப் மார்லி எழுதிய பாட்டைப் பாடி வெற்றி கண்டவர் அவர். அவருக்குப் பதில் சொன்னவர்கள் கறுப்பர்கள் மட்டுமல்ல. வெள்ளைக்கார றொக் ரசிகர்கள் சிலர், உன் இசை யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு இசைப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்துதான் 'றொக் அகென்ஸ்ற் றேசிஸம்' என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30இல் லண்டன் விக்ரோறியா பூங்காவில் பல்லாயிரம் பேர் கூடிய நிகழ்ச்சியில் கிளாஷும் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் பாடின. தன் ஆதர்சக் கலைஞனைத் தானே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட ரசிகனின் காரியம் இது. எம்மவரில் எத்தனை ரசிகர்களுக்கு இது முடியும்?

கிளாஷ் குற்றமற்றவர்கள் அல்லர். 1977 ஜனவரியிலேயே 100,000 பவுணுக்குப் பெரிய கொம்பனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். பங்க் அன்றைக்கே செத்தது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் தங்களைக் கேட்காமல் அந்தக் கொம்பனி ஒரு பாட்டை வெளியிட்டபோது, கொம்பனியை ஏசியே 'கொம்பிளீற் கொன்ற்றோல்' பாடினார்கள். அதே கொம்பனி அதையும் வெளியிட்டது! பத்றோனின் செலவிலேயே பத்றோனை ஏசுவது எப்படி என்று குசினியில் நிற்பவர்கள் இதைக் கேட்டுப் படிக்கலாம். 1980இல் 'சண்டினீஸ்டா!' என்ற மூன்று தட்டுத் தொகுப்பைக் குறைந்த விலைக்கு விற்பதற்காக, பிரிட்டனில் முதல் 200,000 பிரதிகளுக்குரிய தங்கள் பங்குப் பணத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

எங்களுக்குப் பிடித்தது 1978இல் வந்த 'வைற் மான் இன் ஹமர்ஸ்மித் பலே'. ஜோ ஸ்றமர் ஒரு றெகே இரவுக்குப் போகிறார். எதிர்பார்த்துப் போன கலகம் அங்கே இல்லை. அந்த ஏமாற்றத்திலிருந்து தொடங்கி, காசுக்கு ஓடும் புதிய பங்க் குழுக்களை, வலதுசாரிகளை நோக்கி நகரும் நாட்டை, கடைசியில் அந்த மண்டபத்தில் நிற்கும் தன்னையும் நக்கலடிக்கிறார். ஸ்றமர் இராஜதந்திர சேவையில் இருந்த ஒருவரின் மகன், அங்காராவில் பிறந்தவர், 2002 டிசம்பரில் இறந்தார். தன்னை விட்டுவிட்டு உலகத்தைத் திருத்தப் புறப்படாதது அவரது நேர்மை.

1982இல் அவர்கள் பாடிய 'ஸ்றெயிற் ரு ஹெல்' வந்த இடத்தில் இடமில்லை என்று சொல்லப்படும் குடிபெயர்ந்தவர்களையும், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவிட்டுப்போன பிள்ளைகளையும் பற்றியது. அந்தப் பாட்டின் கிற்றார் ஓசையை எடுத்துத்தான் 2007இல் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., தன் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைச் செய்தார். 25 வருடம் கழித்து, அந்தப் பாட்டில் பாடப்பட்டவர்களின் பிள்ளை ஒருத்தி அதே ஓசைமேல் ஏறி நின்று, எங்களைக் கண்டு பயப்படுகிறவனை நக்கலடிக்கிறாள். எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அதுவும் அவர்களை ஏசும் பாட்டு. எங்களை ஏசும் பாட்டு அல்ல.

நாலாவது, சான் பிரான்சிஸ்கோவின் டெட் கெனடிஸ். பாடகர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜெலோ பியாஃப்றா. 1979இல் நகர மேயர் தேர்தலில் நின்று நாலாமிடம் வந்தவர். இந்தக் குழுவின் முதல் பாட்டு தாக்கியது வலதுசாரி ஒருவரையல்ல, கலிபோர்னியாவின் தாராளவாத ஆளுநரை. 1980இல் வந்த 'ஹொலிடே இன் கம்போடியா' ஏசுவது, ஏழைகளின் துன்பம் தனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்ளும் வசதியான மாணவனை. அதாவது தங்கள் கச்சேரிக்கு ரிக்கற் எடுத்து வரக்கூடிய ஆளையே.

எனினும் இவர்களிடம் எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பியாஃப்றா ஒரு வேடிக்கைப் பெயரல்ல. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்று, முற்றுகையிலும் பட்டினியிலும் பெருந்தொகையான மக்களைப் பறிகொடுத்துத் தோற்ற ஒரு நாட்டின் பெயர். ஒரு பக்கம் இனிப்புப் பண்டம், மறு பக்கம் பட்டினி என்று அமெரிக்காவைக் குத்தவே அதை வைத்தார் என்பது விளங்குகிறது. ஆனால் நாளைக்கு ஒரு வெள்ளைக்காரப் பாடகன் 'ஜெலோ முள்ளிவாய்க்கால்' என்று பெயர் வைத்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்? இதைக் கேட்டு நாங்கள் மூவரும் ஒரு இரவு முழுக்கத் தர்க்கம் பண்ணினோம். பாட்டைக் கைவிடவில்லை. பெயரை மன்னிக்கவுமில்லை.

கடைசியாக, எங்கள் பெரிய சமையற்காரரின் குழு, பாரிஸின் பெரூரியே நுவார். 1983இல் தொடங்கியது, டிறூ நகரத் தேர்தலில் தேசிய முன்னணி தலையெடுத்த அதே வருடம். ஒரு பாடகர், ஒரு கிற்றார், டிரம்ஸ் அடிக்க ஆளில்லாததால் ஒரு தாள இயந்திரம். முகமூடியும் சர்க்கஸ் கோமாளித்தனமுமாக மேடையில் நிற்பார்கள். தேசிய முன்னணிக்கு எதிராக அவர்கள் கச்சேரியில் எழுந்த கோஷத்தை இன்றும் பாரிஸ் ஊர்வலங்களில் கேட்கலாம். 'சலூ அ துவா' என்ற பாட்டில் உலகத்து மக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள். பிரான்சில் எங்களுக்குக் கிடைத்த வணக்கங்கள் அதிகமில்லை ஆதலால் அது எங்களுக்குப் பெரிய பாட்டு.

புகழின் உச்சியில், 1989 நவம்பரில், ஒலிம்பியா அரங்கில் மூன்று இரவு பாடிவிட்டுத் தாங்களாகவே குழுவைக் கலைத்தார்கள். தங்களைத் தாங்களே விக்கிரகமாக்க விடாத இந்த முடிவு எங்களை யோசிக்க வைத்தது. பின்னாளில் 2000களில் சில காலம் மீண்டும் கூடினார்கள் என்பதும் உண்மை. பாடகர் பிரான்சுவா பிற்காலத்தில் வியட்நாம் வரலாற்று ஆய்வாளரானார். சமையற்காரர் அந்த ஒலிம்பியா இரவுகளில் ஒன்றுக்குப் போனவர். அதன் ரிக்கற்றை மடித்துப் பணப்பையில் இன்றும் வைத்திருக்கிறார், வதிவிட அட்டையை நாங்கள் வைத்திருப்பதுபோல.

புதிதாகக் கேட்பவர்கள் பெல்ஃபாஸ்ற்றிலிருந்து தொடங்கவும். முதல் தடவை சத்தம் மட்டும்தான் கேட்கும். மூன்றாம் தடவை சொல் கேட்கும். பிள்ளைகளிடம் கேட்டால் அர்த்தம் சொல்வார்கள், அவர்களுக்கு எங்களைவிட மொழி தெரியும்.

அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புறநகர் வீடுகளின் நிலவறைகளில் உங்களில் சிலர் கிற்றார் அடிப்பது எங்களுக்குத் தெரியும். சிங்களப் பேரினவாதத்தைப் பாடுங்கள், இங்குள்ள நிறவெறியைப் பாடுங்கள். அத்தோடு எங்களையும் பாடுங்கள்: சாதி பார்த்துக் கலியாணம் பேசும் எங்களை, கோயில் தேர்க்காசுக்குச் சண்டை பிடிக்கும் எங்களை, செல்வி எங்கே என்று கேட்காமல் இருந்த எங்களை. கோபப்படுவோம், சிலர் எழும்பியும் போவார்கள். நாங்கள் மூவரும் முன்வரிசையில் நிற்போம். திங்கட்கிழமையாகப் பார்த்து வையுங்கள், எங்களுக்கு அன்றைக்குத்தான் லீவு.