கண்டி மேளமும் கொலோன் நகரத்து மனிதரும்

1975இல் ஒலிப்பதிவான ஓர் இசைத்தட்டின் கலைஞர் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது. பியானோ அலோய்ஸ் கொன்டார்ஸ்கி, எலெக்ட்ரோனியம் ஹரால்ட் போயே, மணிகளும் சிந்தசைசரும் பீட்டர் ஒட்வோஷ். கண்டி மேளம்: கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசன். ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் அந்தப் படைப்பின் பெயர் ‘சிலோன்’. நாடு அந்தப் பெயரை 1972லேயே விட்டுவிட்டது. இசைத்தட்டுக்கு அது எட்டவில்லை போலும்.

ஸ்டொக்ஹவுசன் 1928இல் ஜேர்மனியின் கொலோன் நகருக்கு அருகே பிறந்த இசையமைப்பாளர். மனநோயாளி என்று ஒதுக்கப்பட்ட தாயை நாஜிகள் 1941இல் கொன்றார்கள். தந்தை போர்முனையிலிருந்து திரும்பவில்லை. 1952இல் மகன் பாரிஸ் போய் இசையமைப்பாளர் மெசியானிடம் படித்தார். மறு ஆண்டு கொலோன் வானொலியின் இலத்திரனியல் இசைக் கலையகத்துக்குள் நுழைந்தார். ஒரு சிறுவனின் குரலையும் கருவியில் பிறந்த ஒலிகளையும் பின்னிய ‘கெசாங் டெர் யுங்லிங்கே’ 1956இல் வந்தபோது, மனிதக் குரலுக்கும் இலத்திரனியல் ஒலிக்கும் நடுவிலிருந்த சுவர் இடிந்தது.

அவரது படைப்புகளில் நம்மவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘கொன்டாக்டே’ (1958–60). பியானோவும் தாள வாத்தியங்களும் மேடையில் ஒலிக்க, நாடாவிலிருந்து இலத்திரனியல் ஒலி நான்கு திசையிலும் சுழன்று வரும். அந்தச் சுழற்சிக்காகவே ஒலிபெருக்கியைச் சுழலும் மேசையொன்றில் வைத்து, சுற்றிலும் நான்கு ஒலிவாங்கிகளை நிறுத்திப் பதிந்தார்கள். அதன் நடுவில் புகழ்பெற்ற ஓர் இடம் வருகிறது. நீண்ட சுரம் ஒன்று கீழே சரிந்து, சரிந்து, கடைசியில் தனித்தனி அடிகளாக உதிர்ந்துவிடும். விநாடிக்கு ஏறத்தாழ 16 அடிக்குக் கீழே போனால் காது அதைத் தாளமாகக் கேட்கிறது. மேலே போனால் சுரமாகக் கேட்கிறது. சுரமும் தாளமும் ஒரே பொருளின் இரண்டு வேகங்கள் என்பதை எழுதி விளக்காமல் கேட்கவே வைத்துவிட்டார். கோயில் திருவிழாவில் தவில்காரர் உச்ச காலத்தில் அடிகளை நெருக்கும்போது, எண்ண முடியாமல் போய் ஒரு ரீங்காரம் மட்டும் காதில் நிற்குமே, அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இவரும் நிற்கிறார்.

1964இல் ‘மிக்ரோஃபோனீ I’. ஒரே ஒரு பெரிய டம்-டம் என்னும் உலோகச் சேகண்டி. அதை இருவர் தட்டியும் தேய்த்தும் சுரண்டியும் ஒலிக்கவைக்க, வேறு இருவர் ஒலிவாங்கியை வைத்தியரின் குழல்போல் அதன் மேல் நகர்த்துவார்கள். மேலும் இருவர் வந்த ஒலியை வடிகட்டுவார்கள். சமையலறைச் சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் நின்று முதலில் முயன்று பார்த்தாராம். எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது இந்தச் செய்தியால்தான். பின்னாளில் 1977 தொடங்கி 2003 வரை எழுதிய ‘லிக்ட்’ என்னும் ஏழு இசை நாடகங்களில், 29 மணி நேரம் போகும் அந்த மலையில், எனக்கு அத்தனை பிரியமில்லை.

1970 அவருக்கு ஆசியாவின் ஆண்டு. ஒசாகா உலகக் கண்காட்சியில் ஜேர்மனி அவருக்காக உருண்டை வடிவ அரங்கம் ஒன்றையே கட்டிக் கொடுத்தது. கேட்பவர்கள் நடுவே உட்கார, மேலும் கீழும் சுற்றிலும் ஒலிபெருக்கிகள். 183 நாள் நடந்த கண்காட்சி அது. ‘சிலோன்’ அதே ஆண்டைச் சேர்ந்தது. ‘வருங்காலங்களுக்காக’ என்ற பொருளில் பெயரிட்ட 17 படைப்புகளின் தொகுதியில் அது ஒன்று. உள்ளுணர்வு இசை என்று அவர் சொன்ன முறை இது: கலைஞர்களுக்கு வழிகாட்டுவது சுரத்தாள் அல்ல, வார்த்தைகள்.

கண்டி மேளமான கெட்டபெரயவுக்கும் வார்த்தைகள் உண்டு. தத், தித், தொங், நங் என்னும் நான்கு எழுத்தில் தொடங்குவதுதான் அதன் பாடம். நடு பருத்து முனைகள் ஒடுங்கிய மரம். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வகைத் தோல். இடுப்பில் கட்டி வெறுங்கையால் அடிப்பது. நம் தவில், மிருதங்கச் சொற்கட்டைப்போல வாயால் சொல்லிப் பிறகு கைக்கு வருவது. தாளமும் சுரமும் ஒன்றே என்று காட்டிய மனிதருக்கு இதைவிட நல்ல துணை கிடைத்திருக்காது. ஆனால் ‘சிலோனில்’ அந்த மேளம் ஒரு நிறமாக மட்டுமே இருக்கிறது. இலத்திரனியல் மூட்டத்துக்குள் நல்ல, அடர்ந்த நிறம். அதன் இலக்கணம் உள்ளே வரவில்லை. மேளக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் வந்திருக்கும்.

உட்கார வைத்தவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள். 1934இல் பாசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ தேயிலைப் பிரசாரத்துக்காகப் பணம் கொடுத்து எடுப்பித்த படம். அதன் ஒலிப்பதிவுக்காக ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட்டுடன் உக்குவா, சுரம்பா என்னும் இரண்டு கண்டிக் கலைஞர்கள் லண்டனுக்கே போனார்கள். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டு கைதியாயிருந்த ரொபர்ட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூல் வென்ட்டின் குரலில் ஒலிக்கிறது. இசை வோல்டர் லீ, பெர்லினில் ஹிண்டமித்திடம் படித்தவர். மேளம், மணி, மந்திரம், தந்தி, சந்தை விலை எல்லாவற்றையும் அவர் ஒரே இசையாக அடுக்கினார். பாரிஸில் பியர் ஷேஃபர் பதிவு செய்த ஒலிகளையே இசையாக்கியது 1948இல். இது அதற்கு 14 ஆண்டு முன். லீ 1942இல் தொப்ருக் அருகே போரில் இறந்தார், 37 வயதுகூட நிரம்பவில்லை.

அந்தப் படத்திலும் குறை உண்டு. ‘வணிகத்தின் குரல்கள்’ என்ற பகுதியில் கொழுந்து பறிக்கும் நம் பெண்களைக் காண்கிறோம். அவர்களுக்கு மேல் ஒலிப்பது விலை விபரம். மலையகத்துக்கு ஓர் இசை இருக்கிறது, தப்பு மேளம் இருக்கிறது, காமன் கூத்து இருக்கிறது. தலைப்பிலுள்ள குரல்களில் அவை சேர்த்தியில்லை. இருந்தும் கண்டி மேளத்தை அதன் சொந்த நடையில் பேச விட்ட விதத்தில், 1934இன் படமே 1975இன் இசைத்தட்டை விடப் பெரிய சாதனை என்பது என் தீர்ப்பு.

நீங்களே கேட்டுப் பாருங்கள். முதலில் மாலைப் பூசை நேரம் தலதா மாளிகைக்குப் போய், ஹேவிசி மேளம் முடியும்வரை நில்லுங்கள். படமும் இசைத்தட்டும் அதற்குப் பிறகு.