தெரியாது என்ற சொல்

சுயசரிதை எழுதுகிறவர்கள் தங்கள் தவறுகளைச் சொல்வதுண்டு. தங்கள் அறியாமையைச் சொல்கிறவர்கள் குறைவு. தவறு செய்தவனிடம் ஏதோ ஒரு கவர்ச்சி இருக்கிறது. தெரியாமல் விழித்தவனிடம் அது இல்லை. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு, அவர் விழித்து நின்ற ஓர் இடமே காரணம்.

1880-ஆம் வருஷம். ஐயருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர். அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை.

இக்காட்சியை நாவலாசிரியன் எழுதினால் முதலியாரைக் கர்வியாக்கிவிடுவான். நானும் அதைத்தான் செய்திருப்பேன். சுமார் அறுபது வருஷங்கள் கழித்து எழுதும்போதும் ஐயர் அதைச் செய்யவில்லை. தாம் படித்ததைக் குறைத்துச் சொல்லிப் போலி அடக்கம் காட்டவும் இல்லை.

அதற்குப் பின் நடந்தது இன்னும் பெரிது. முதலியாரிடமிருந்தே கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படிக்கிறார். ஜைன சமயச் செய்திகள் விளங்கவில்லை. சைவ மடத்தில் படித்தவர், அதே ஊரில் இருந்த ஜைனர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். வீட்டில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்றால், பல மாதங்களாக நடந்துவந்த சிந்தாமணிப் பாடம் அன்று நிறைவு பெற்றதாம்!

தமிழ்நாடு மறந்துபோன காவியத்தை ஐயர் மீட்டார் என்கிறோம். 1887-இல் அவர் அதைப் பதிப்பித்ததை நினைத்தால் அது சரிதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதை மறந்திருக்கவில்லை. மறந்தது நாம், நம்மையே தமிழ்நாடு என்று சொல்லிக்கொண்டோம். தெரியாது என்று வாயால் சொல்வது சுலபம். தெரிந்தவன் யார் என்று தேடி, அவன் வாசலில் போய் நிற்பதுதான் கஷ்டம்.

நூல் முழுவதும் இதே தரம் என்று சொல்லமாட்டேன். பெயர்களும் உபசாரங்களும் அலுப்புத் தட்டும் பக்கங்கள் நிறைய உண்டு. ஆனால் கற்றுக்கொடுத்தவன் பெயரை விட்டுவிடக் கூடாது என்ற பிடிவாதத்தால் வந்த அலுப்பு அது.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன், கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் தம் நாவலின் கைப்பிரதியை அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருந்தார். வலை, காற்று, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் நான் கேட்டறியாத சொற்கள். "புரியவில்லை, வாசகனுக்காக எளிமைப்படுத்துங்கள்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதை விமர்சனம் என்றே நம்பினேன். சென்ற மாதம் ஐயரை மறுபடி படித்தபோதுதான், அந்த வரி நாவலைப் பற்றியதல்ல, என்னைப் பற்றியது என்று உறைத்தது.

அச்சொற்களுக்குப் பொருள் கேட்டு, கைப்பிரதியை இன்னொரு முறை அனுப்பும்படி கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. எழுத வேண்டிய கடமை அவருக்கு இல்லை. நான்தான் அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும்.