டெல்லியில் டிரிபிள் எச் ஜெயிச்ச ஆட்டம்

டபிள்யூ.டபிள்யூ.இ. மாதிரி தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிக்கணும்ங்கிறது முன்கூட்டியே முடிவாகிவிடும். அதனால் "யார் பலசாலி?" என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. யாரோட தோல்வி யாருக்குப் பயன்படுது என்று மட்டும்தான் பார்க்கணும். மூத்த நட்சத்திரத்தின் பேர் பல வருஷச் சேமிப்பு. இளையவர்கிட்ட தோத்தா அதில் கொஞ்சம் கைமாறும். தோக்காமலே ஓய்வு பெற்றால் அவரோடயே போயிடும்.

நம்ம ஊர்ப் பெரிசுகள் சொல்ற கிங்காங் - தாராசிங் கதையே இதுதான். கிங்காங் 1909-ல் பிறந்தவர், தாராசிங் 1928-ல். பத்தொன்பது வயசு வித்தியாசம். மலை மாதிரி இருந்த அந்த மூத்தவரைச் சாய்ச்சதாலதான் தாராசிங் பேர் தெற்கு வரைக்கும் வந்தது. "நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று இன்னிக்கும் கேட்கிறோம். கிங்காங் அந்தத் தோல்விகளால் ஒண்ணும் சின்ன ஆளாகிவிடவில்லை.

இந்தக் கணக்கோடு 2017-க்கு வருவோம். ஜிண்டர் மஹால், கனடாவின் கால்கரியில் பிறந்த பஞ்சாபி. அந்த வருஷம் ஏப்ரல் வரை பெரும்பாலும் தோற்பதற்கென்றே வளையத்துக்குள் வந்தவர். மே 21 அன்று ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி சாம்பியன்! இந்தியச் சந்தைக்காகத்தான் இந்த ஏற்றம் என்று அப்பவே எல்லாரும் பேசினார்கள். ஆளை வளர்க்க ஒரு வருஷமாவது எடுத்திருக்கணும். ஒரு மாசத்தில் தூக்கி உட்கார வைத்தால் யார் நம்புவா? சரி, உட்கார வைத்தாச்சு, அதையாவது முடித்திருக்கலாம். நவம்பர் 7 அன்று மான்செஸ்டரில் பட்டம் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் போனது. ஒரு மாசம் கழித்து, டிசம்பர் 9, டெல்லி. எந்த மண்ணுக்காக அவரை உயர்த்தினார்களோ அதே மண்ணில், 31 வயசு ஜிண்டரை 48 வயசு டிரிபிள் எச் தோற்கடித்தார். அப்புறம் சேர்ந்து பங்க்ரா ஆட்டம் வேறு.

"கூட்டம் வந்ததே டிரிபிள் எச்சைப் பார்க்கத்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழனியில் என் வயசுப் பசங்க மல்யுத்தத்தைக் கத்துக்கிட்டதே ட்ரம்ப் கார்டு வழியாத்தான். அண்டர்டேக்கர், ராக், டிரிபிள் எச் — உயரம், எடை, ரேங்க் எல்லாம் அச்சடிச்சபடியே நிற்கும். கார்டில் யாருக்கும் வயசாகாது. பழைய முகத்துக்குத்தான் டிக்கெட் விற்கும் என்பது உண்மை. ஆனா டிக்கெட் வாங்கினவங்க கேட்டது அவர் வரணும் என்றுதான். வந்து தோத்திருந்தாலும் வசூல் அதேதான். அடுத்த முறை இந்தியா வரும்போது விற்க இன்னொரு பேரும் கையில் இருந்திருக்கும். 2023 செப்டம்பரில் ஹைதராபாத் வந்தபோது பெரிய ஈர்ப்பு யார்? ஜான் சீனா. ஜிண்டரை 2024 ஏப்ரலில் கம்பெனியே அனுப்பிவிட்டது.

அந்த சீனாவின் கடைசி ஆட்டம் 2025 டிசம்பர் 13, வாஷிங்டனில். அவருக்கும் அப்போ 48 வயசு. எதிரில் குந்தர், பத்து வயசு இளையவர். கழுத்துப் பிடியில் சிக்கி, இருபது வருஷத்துக்கும் மேலாகச் செய்யாத ஒன்றை சீனா செய்தார்: கையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கிட்டார். அன்று நிகழ்ச்சியின் மற்ற ஆட்டங்களிலும் புது ஆட்களை மூத்தவர்களோடு மோதவிட்டார்கள். என் கணக்குப்படி டெல்லியில் நடந்திருக்க வேண்டியது இதுதான். வேடிக்கை என்னன்னா, இப்போ கதை எழுதும் பொறுப்பில் இருப்பவர் அதே டிரிபிள் எச். ஆட்டம் முடிஞ்சு அவர் வெளியே வந்தப்போ அரங்கமே கூவித் திட்டியது.