முச்சந்தியில் தடுமாறும் நகரம்

கிடங்கு நிறைய ஆலிவ் எண்ணெய் இருக்கிறது. அகோரா என்ற சந்தையில் கடையும் திறந்திருக்கிறது. ஆனால் தெருக்கோடி வீடுகளில் சொட்டு எண்ணெய் இல்லை. வீட்டின் தரம் ஒரு படி இறங்குகிறது. குடியிருந்தவர்களில் சிலர் வெளியேற, ஆலைக்கு ஆள் பற்றாமல் போகிறது. காரணம் ஒன்றுதான்: எண்ணெய் விற்கப் புறப்பட்டவர் முச்சந்தியில் வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

2000-இல் இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ‘ஜீயஸ்: மாஸ்டர் ஆஃப் ஒலிம்பஸ்’ என்ற, பண்டைய கிரேக்க நகரைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டில் இது அன்றாடக் காட்சி. அதன் பொருளாதாரத்தின் பெரும் பலம், எதுவும் கண்மறைவாக நடப்பதில்லை என்பது. மரத்தைப் பராமரித்துக் காய் பறிப்பவர், பிழியும் ஆலை, வண்டி, கிடங்கு, அங்காடி என ஒவ்வொரு கண்ணியும் கண்முன் நகர்கிறது. ஒரு நகரில் எல்லாமே விளைவதும் இல்லை. இல்லாததை அயல்நகரிடம் வாங்க வேண்டும். அதற்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்புண்டு. கருங்கடல் கரையிலிருந்து தானியம் வரவழைத்த ஏதென்ஸின் நிலைமையும் இதுவே. விளைபொருள்களில் ஆலிவ் எண்ணெயை மட்டுமே வெளியே விற்க அந்நகரின் சட்டம் வகுத்த சோலோன் அனுமதித்தார் என்று பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியதன் பொருள், இந்த விளையாட்டை ஒரு மணி நேரம் ஆடினால் நன்றாகவே விளங்கும்.

ஆனால் இந்தச் சங்கிலியில் விநியோகம்தான் இடறுகிறது. கூவி விற்பவர் தேவை இருக்கும் வீட்டைத் தேடிப் போவதில்லை; கால் போன போக்கில் போகிறார். அதனால் அனுபவசாலிகள் கிளைத்தெருவே வைப்பதில்லை. வளையமாக ஒரு சாலை, அதில் சாலைத்தடுப்புகள், இருபுறமும் வீடுகள். கொரிந்து ஆனாலும் தீப்ஸ் ஆனாலும் ஒரே அச்சு! திட்டமிடும் திறமை முழுவதும் வியாபாரியின் நடையைக் கட்டுப்படுத்துவதிலேயே செலவாகிறது. இது வருத்தத்துக்குரிய வீணடிப்பு.

அதைவிடப் பெரிய குறை வெள்ளியில் இருக்கிறது. வெட்டிய தாதுவை நாணயச்சாலைக்கு அனுப்பினால் டிராக்மா நாணயம் குவிகிறது. லாரியன் வெள்ளிச் சுரங்கம் ஏதென்ஸுக்குச் செய்ததும் அதுதான்; கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் அந்த வெள்ளியைக் கொண்டே போர்க்கப்பல்கள் கட்டவைத்தார். ஆனால் விளையாட்டில் சுரங்கம் வெட்டுபவர்கள் கூலி வாங்கும் குடிமக்கள். லாரியனில் வெட்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத பொந்துகளில் அவர்கள் தவழ்ந்தபடி வேலை செய்தார்கள். எண்ணெய்க் குடத்தின் ஒவ்வொரு அடியையும் பொறுமையாகக் காட்டிய விளையாட்டு, வெள்ளிக்கு இந்த மனிதர்கள் கொடுத்த விலையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.