ஓர் அறையை வரைதல்: இப்னுல் ஹைஸமும் நமது பெருமிதமும்

முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பு பற்றி நம் மேடைகளில் பேசப்படும்போது தவறாது எடுத்தோதப்படும் பெயர்களுள் ஒன்று இப்னுல் ஹைஸம். ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து, ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் மறைந்தவர் அன்னார். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் பெருநூலைச் சுட்டிக்காட்டி, அறையை ஆழத்தோடு வரையும் கலையை ஐரோப்பிய ஓவியர்களுக்குக் கற்பித்தவர்கள் முஸ்லிம்களே என்று பேச்சை முடிப்பது வழக்கமாகிவிட்டது. இதற்கு நேர்மாறான கூற்றொன்றும் உண்டு. இஸ்லாம் உருவம் வரைவதைத் தடுத்தமையால் முஸ்லிம் ஓவியர்களுக்கு ஆழம் பிடிபடாமலே போயிற்று என்பது அது. முதற்கூற்றை நானும் பல ஆண்டுகள் வகுப்பறையில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டுமே நூலையும் படத்தையும் அருகிலிருந்து பாராமற் சொல்லப்படுவன என்பதை, ஓர் அறையை என் கையால் வரைய முயன்ற பின்னரே உணர்ந்தேன்.

என் இளைய மகள் கட்டடக்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, ஆங்கிலத்தில் பெர்ஸ்பெக்டிவ் எனப்படும் காட்சிக்கோண வரைவில் நாள்தோறும் பயிற்சி செய்துவந்தாள். நான் பாடம் நடத்தும் கூடத்தை எனக்கும் வரையக் கற்றுத்தருமாறு கேட்டேன். உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றிய ஃபிக்ஹு விவாதத்தை நாம் அறிவோம். உயிரற்றவற்றை வரைந்துகொள்ளுமாறு ஓவியர் ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. வெற்று அறையை வரைவதில் ஆட்சேபம் ஏதுமில்லை. தாளையும் அளவுகோலையும் எடுத்து அமர்ந்ததும் மகள் கேட்ட முதற்கேள்வி இது: “வாப்பா, நீங்க எங்கே இருந்து பாக்குறீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் ஒரு கோடும் இடமுடியாது. எதிர்ச்சுவரை ஒரு செவ்வகமாக வரைந்துகொள்கிறோம். பார்ப்பவரின் கண் எந்த உயரத்தில் உள்ளதோ அந்த உயரத்தில் குறுக்காக ஒரு கோடு இடுகிறோம். அக்கோட்டில், கண்ணுக்கு நேர் எதிரே ஒரு புள்ளி. இதுவே மறைபுள்ளி. அப்புள்ளியிலிருந்து செவ்வகத்தின் நான்கு மூலைகள் வழியே வெளிநோக்கி இழுக்கப்படும் கோடுகள் தரைக்கும் கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் விளிம்புகளாகின்றன. நம்மைவிட்டு நேரே விலகிச் செல்லும் கோடுகள் யாவும் அப்புள்ளியை நோக்கியே செல்லும். எதிர்ச்சுவருக்கு இணையானவை இணையாகவே நிற்கும்.

இதுவரை எளிது. தரையின் சதுரக் கற்களில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஒவ்வொரு வரிசையையும் முந்தியதைவிடச் சற்றுக் குறுக்கிக்கொண்டே போனேன். மகள் சிரித்தாள். நான் செய்தது பழைய பிழை. ஒரு வரிசையின் அகலத்தை முந்தியதில் மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொண்டே போகும் ஓவியர்களை 1435இல் இலத்தீனில் எழுதிய ‘தெ பிக்துரா’ என்னும் நூலில் லியோன் பத்திஸ்தா அல்பெர்டி கண்டித்துள்ளார். மதிப்பீடு இங்குச் செல்லாது. கண்மட்டக் கோட்டிலேயே, மறைபுள்ளியிலிருந்து குறிப்பிட்ட தொலைவில், மற்றொரு புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவருக்கும் படத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவோ அவ்வளவே அந்தப் புள்ளிக்கும் மறைபுள்ளிக்கும் இடையே. அங்கிருந்து தரையின் முன்மூலைக்கு இழுக்கும் மூலைவிட்டம், விலகிச் செல்லும் கோடுகளை எங்கெங்கு வெட்டுகிறதோ அங்கங்கு குறுக்குக் கோடுகள் இட்டால் சதுரங்கள் அமைந்துவிடும். ஆக, இவ்வகைப் படத்தில் பார்ப்பவரின் கண்ணுயரமும் அவர் நிற்கும் தொலைவும் சேர்த்தே எழுதப்பட்டுவிடுகின்றன.

அடுத்த பிழைதான் என்னைக் ‘கிதாபுல் மனாழிர்’ பக்கம் திருப்பிற்று. கூடத்தில் நூல்களை வைத்து ஓதும் தாழ்ந்த மேசைகள் உள்ளன. அவற்றின் மேற்பரப்பை நான் மிக அகலமாக வரைந்துவிட்டேன். கோடுகளோடு ஒப்பிட்டபோது, தொலைவிலுள்ள மேசையின் மேற்பரப்பு ஒரு மெல்லிய பட்டையாகவே இருக்க வேண்டும் என்று தெரிந்தது. கண்முன் அது பட்டையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அது அகலமான செவ்வகம் என்பதை என் அறிவு முன்பே அறியும். கை அறிவின் பேச்சைக் கேட்டது.

இந்தப் பிழையின் காரணத்தை இப்னுல் ஹைஸம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். ஏழு பகுதிகள் கொண்ட அந்நூலின் இரண்டாம் பகுதி முழுவதும் இதைப் பற்றியதே. கண்ணில் பதிவது மட்டும் பார்வையன்று என்பது அவர் கொள்கை. ஒளி, நிறம், தொலைவு, வடிவம், பருமன், அழகு, ஒப்புமை முதலாக 22 தன்மைகளை அவர் வகைப்படுத்துகிறார். அவற்றுள் ஒளியும் நிறமுமே வெறும் புலனால் உணரப்படுவன. ஏனையவற்றை முன்னறிவும் ‘தம்யீஸ்’ எனப்படும் பகுத்தறிதலும் ‘கியாஸ்’ எனப்படும் அனுமானமும் கூடியே நாம் அறிகிறோம். தொலைவில் வரும் மனிதனைச் சிறியவன் என்று நாம் கொள்வதில்லை. கண்ணில் அமையும் கோணத்தோடு தொலைவையும் சேர்த்தே உள்ளம் அவனது உருவளவை முடிவு செய்கிறது. இச்செயல் கணநேரத்தில் நிகழ்வதால் நாம் அனுமானிக்கிறோம் என்பதையே உணர்வதில்லை. மேலும், ‘பதீஹா’ என்னும் முதற்பார்வையையும் ‘தஅம்முல்’ என்னும் ஆழ்ந்து நோக்கும் பார்வையையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். கண் பொருளின் மீது பகுதி பகுதியாக நகர்ந்து நோக்கினால்தான் பொருள் தெளிவாக அறியப்படும் என்கிறார். அரபியில் ‘நழர்’ என்னும் சொல் கண்ணால் நோக்குதலையும் கருத்தால் ஆராய்தலையும் ஒருங்கே குறிப்பது. ‘மனாழிர்’ என்பதும் அவ்வேரில் பிறந்த சொல்லே.

இப்போது நம் மேடைப் பேச்சுக்கு வருவோம். காட்சிக்கோண வரைவு இந்நூலிலிருந்து வந்ததா? ஏறத்தாழ 1200 அளவில் இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. முதற்பகுதியின் முதல் மூன்று இயல்கள் மட்டும் அப்பெயர்ப்பில் இடம்பெறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரோஜர் பேக்கன், விதெலோ, ஜான் பெக்கம் ஆகியோர் இதன்மீது தம் நூல்களை எழுப்பினர். அடுத்த நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலும் வந்தது. ஃப்ளாரன்ஸ் நகரச் சிற்பி கிபெர்த்தி தம் குறிப்புரைகளில் இதைப் பெரிதும் பயன்படுத்தினார். அக்காலத்தில் ‘பெர்ஸ்பெக்டிவா’ என்ற இலத்தீன் சொல்லே ஒளியியலைத்தான் குறித்தது. ஓவியர்கள் பின்னர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். இவ்வளவும் மறுக்கவியலாத கடன்.

ஆனால் அதற்கப்பால் செல்லும்போது நாம் கவனமாக இருக்க வேண்டும். கண்ணை உச்சியாகக் கொண்ட பார்வைக் கூம்பை ஒரு தளத்தால் வெட்டினால் கிடைப்பதே ஓவியம் என்பது அல்பெர்டியின் வரையறை. கூம்பு இப்னுல் ஹைஸமிடம் உண்டு. அவருக்கு முன் யூக்ளிடிடமும் உண்டு. அதைத் தளத்தால் வெட்டிப் படம் செய்யும் முறை ‘மனாழிர்’ நூலில் இல்லை. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது, கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை என்று நிறுவியதே இப்னுல் ஹைஸமின் தலையாய சாதனை. அல்பெர்டியோ, கதிர் எத்திசையில் செல்கிறது என்ற விவாதம் தமக்குத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுகிறார். வடிவக்கணக்கு இரு வழியிலும் ஒன்றே. ஆசிரியரின் தலையாய முடிவைத் தேவையில்லை என்று விட்டுச்செல்பவரை அவருடைய மாணவர் என்று எவ்வாறு கூறுவது?

அல்பெர்டிக்குச் சில ஆண்டுகள் முன்னரே, புருனெல்லெஸ்கி ஃப்ளாரன்ஸின் ஞானஸ்நானக் கூடத்தை ஒரு பலகையில் தீட்டி, பலகையில் துளையிட்டு, பின்புறமிருந்து அத்துளை வழியே, எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்கச் செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய மனெத்தி கூறுகிறார். ஒற்றைக் கண், ஒற்றை இடம், அசையாத பார்வை. துளை இதைக் கட்டாயமாக்கிற்று. இப்னுல் ஹைஸமோ தம் மூன்றாம் பகுதியில், மரப்பலகையின்மீது மெழுகாலான சிறு தூண்களை நிறுத்தி, இரு கண்களின் காட்சி எவ்வாறு ஒன்றாகிறது, எப்போது இரண்டாகப் பிரிகிறது என்று சோதித்தவர். ஃப்ளாரன்ஸ் ஓவியர்கள் கைக்கொண்டது பார்வையின் ஒரு கூறு. அதைக்கொண்டு மஸாச்சோ 1420களின் பிற்பாதியில் சுவரில் தீட்டிய ‘திரித்துவம்’ ஓவியத்தின் வளைவுக்கூரை வியக்கத்தக்கது. அந்தச் சாதனை அவர்களுடையது. அதைப் பறித்து நம் கணக்கில் எழுதுவதால், இப்னுல் ஹைஸம் உண்மையில் சொன்னதைப் படிக்கும் கடமையிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

இனி இரண்டாம் கூற்று. முஸ்லிம் ஓவியர்களுக்கு அறை வரையத் தெரியவில்லையா? கெய்ரோவின் தாருல் குதுப் நூலகத்திலுள்ள ஸஅதியின் ‘பூஸ்தான்’ கையெழுத்துப் பிரதியில், ஹெராத் நகர ஓவியர் பிஹ்ஸாத் ஹிஜ்ரி 893இல், அதாவது 1488இல், தீட்டிய ஓர் ஏடு உள்ளது. யூஸுஃப் (அலை) அவர்கள் ஸுலைகாவிடமிருந்து விலகி ஓடும் காட்சி அது. நபிமார்களை உருவமாக வரைவதை நம் உலமா ஏற்பதில்லை; நானும் ஏற்பதில்லை. நான் பேசுவது அந்த ஏட்டின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும் மாளிகையைப் பற்றி மட்டுமே.

அம்மாளிகையில் மறைபுள்ளி இல்லை. ஒரு சுவர் நேராகத் தெரிகிறது, அடுத்தது சாய்வாக. படிக்கட்டுகள் திசை மாறி ஏறுகின்றன. தரைவிரிப்பு மேலிருந்து பார்த்ததுபோல் விரிந்துகிடக்கிறது. அறைக்குப் பின் அறை, கதவுக்குப் பின் கதவு. கதவுகள் யாவும் மூடியிருக்கின்றன. திருக்குர்ஆனில் யூஸுஃப் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தில் கதவு என்பது பன்மையில் வருகிறது. மூடுதலைக் குறிக்கும் வினைச்சொல் ‘தஃப்யீல்’ வாய்பாட்டில், மிகுதியும் அழுத்தமும் தோன்ற அமைந்துள்ளது. ஏழு கதவுகள் என்று விரிவுரையாளர் சிலர் கூறுவர். பிஹ்ஸாதின் காலத்தவரான ஜாமியின் காவியமும் ஏழு அறைகளைப் பேசுகிறது. இப்போது இதையே ஒருபுள்ளி முறையில் வரைந்து பாருங்கள். ஓர் இடத்தில் நின்றால் ஓர் அறைதான் தெரியும். மற்றக் கதவுகள் சுவருக்குப் பின்னே மறைந்துவிடும். தப்பிச் செல்ல எத்தனை தடைகள் என்பதே கதையின் உயிராக இருக்க, அந்தத் தடைகளையே படம் இழந்துவிடும். பிஹ்ஸாதுக்கு எல்லாக் கதவுகளும் வேண்டியிருந்தன. கண் ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு படியாக நகர்ந்து செல்லும்படி மாளிகையை விரித்துவைத்தார். இப்னுல் ஹைஸம் ‘தஅம்முல்’ என்று கூறிய பார்வையைக் கோரும் அறை இது. பிஹ்ஸாத் அந்நூலைக் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் முதற்பிழையையே மீண்டும் செய்தவனாவேன்.

இவ்விடத்தில் இரு நூல்களைக் குறிப்பிட வேண்டும். ஒர்ஹான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவல் 1998இல் துருக்கியில் வெளிவந்து, தமிழிலும் பலரால் படிக்கப்பட்டது. வெனிஸ் ஓவியமுறை உலகை அல்லாஹ்வின் பார்வையிலிருந்து தெருநாயின் பார்வைக்கு இறக்கிவிடுகிறது என்ற அச்சம் அதில் பேசப்படுகிறது. நாவலில் பாத்திரத்தின் கூற்றாக அது பொருத்தமாகவே இருக்கலாம். ஆனால் நம் வாசகர் சிலர் அதை இஸ்லாமியக் கலைக் கோட்பாடாகவே எடுத்தாள்கின்றனர். இது அகீதா நோக்கில் தவறு. பார்வைகள் அவனை அடைவதில்லை, அவனே பார்வைகளை அடைகிறான் என்பது ‘அன்ஆம்’ அத்தியாயத்தின் 103ஆம் வசனம் உணர்த்தும் உண்மை. எந்தத் தூரிகையும் இறைவனின் பார்வையை வரைந்துவிட இயலாது. பிஹ்ஸாதின் மாளிகை ஒரு கதைசொல்லியின் ஒழுங்கமைப்பு. மனிதப் பார்வையின் மற்றொரு வகை.

மற்றது, 2023இல் மறைந்த ஜெர்மானியக் கலை வரலாற்றறிஞர் ஹான்ஸ் பெல்டிங் 2008இல் வெளியிட்ட ‘ஃப்ளாரன்ஸும் பக்தாதும்’. இப்னுல் ஹைஸமின் ஒளியியலையும் இத்தாலிய ஓவியத்தையும் எதிரெதிரே நிறுத்தி, கடனையும் வேற்றுமையையும் ஒருங்கே ஆராய்ந்தமைக்காக இந்நூலுக்கு நாம் நன்றி கூற வேண்டும். ஆயினும் மேற்குக்கு ஒரு பார்வை, இஸ்லாத்துக்கு ஒரு பார்வை என்று அவர் இரு பேழைகளில் அடைப்பது ஏற்கத்தக்கதன்று. 1580இல் அக்பரின் அவைக்கு ஜெசூட் பாதிரியார்கள் கொண்டுவந்த அச்சுப்படங்களைக் கண்ட முகலாய ஓவியர்கள், தொலைவில் குறுகும் கட்டடங்களைத் தம் ஏடுகளில் விரைவிலேயே சேர்த்துக்கொண்டனர். வேண்டியதை எடுத்தனர், வேண்டாததை விட்டனர். பார்வை மார்க்கத்தால் ஒரேயடியாக விதிக்கப்பட்டிருந்தால் இது நிகழ்ந்திராது.

‘மனாழிர்’ நூலின் முதல் மூன்று பகுதிகளின் அரபு மூலத்தை அப்துல் ஹமீத் ஸப்ரா 1983இல் குவைத்தில் பதிப்பித்தார். நம் அரபுக் கல்லூரிகளில் மன்திக்கும் உஸூலும் கற்று, கியாஸின் வகைகளை மனப்பாடமாகச் சொல்லும் மாணவனுக்கு அதன் இரண்டாம் பகுதி கடினமாயிராது. பார்வையிலும் கியாஸ் உண்டு என்று காணும்போது அவன் மகிழ்வான். இப்னுல் ஹைஸமின் பெயரை நூறு முறை கேட்ட அவன், அவருடைய ஒரு பக்கத்தையேனும் வாசித்ததில்லை. அந்தக் குறை அவனுடையதன்று. என்னைப் போன்ற ஆசிரியர்களுடையது.

கடைசியாக, என் வரைபடம் பற்றி ஒரு செய்தி. முதலில் நான் நின்று பாடம் நடத்தும் இடத்திலிருந்து வரைந்தேன். கண்மட்டம் ஏறத்தாழ ஐந்தடி. மேசைகள் யாவும், அவற்றின்மேல் விரித்த நூல்களும் தெரிந்தன. பின்னர் மகள் சொற்படி, கடைசி வரிசையில் மாணவன் அமரும் பாயிலிருந்து வரைந்தேன். கண்மட்டம் இரண்டரை அடிக்கு இறங்கியது. முன்வரிசை மேசைகள் ஒன்றையொன்று மறைத்தன. கரும்பலகையின் கீழ்ப்பாதி முற்றிலும் மறைந்துபோயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாக நான் கரும்பலகையின் கீழ்ப்பாதியிலும் எழுதிவந்திருக்கிறேன். இப்போது மேற்பாதியில் மட்டுமே எழுதுகிறேன்.