பாறையும் மண்டபமும்: ஆங்கிலிக்க மரபு குறித்து ஒரு மதிப்பீடு

புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலில் பல்லவர் காலக் குடைவரையொன்று உள்ளது. அதன் முன்னே குதிரைகள் இழுக்கும் தேர் வடிவில் மண்டபம் எழுப்பினர் விஜயநகர காலத்தார். பின்வந்தோர் பாறையை இடிக்கவில்லை; பாறையோடு நின்றுவிடவுமில்லை. ஆங்கிலிக்க மரபையும் இவ்வாறே பழமையைப் பேணிப் புதுமையைச் சேர்த்த கட்டடமெனப் புகழ்வோர் உளர். உவமை அழகியதே. ஆயின் எது பாறை, எது மண்டபம் என்பதிலன்றோ வழக்கெல்லாம் எழுந்தது!

ஆங்கிலிக்கருக்கு 39 பிரமாணங்கள் உண்டு. எனினும் அம்மரபை உருவாக்கியது கிரான்மர் 1549இல் வகுத்த பொது ஜெப புத்தகமே என்பது நம் கருத்து. கோட்பாட்டை வாதித்து ஒன்றுபடுவதினும், ஒரே ஜெபத்தைக் கூடிச் சொல்லி ஒன்றுபடுவதே அதன் இயல்பு. மக்கள் அறியாத மொழியில் ஆராதனை நடத்தலாகாது என்கிறது 24ஆம் பிரமாணம். ஆகவே தமிழில் ஜெபிப்பது அம்மரபு நமக்கு அளித்த சலுகையன்று. அது தன்மேல் ஏற்றுக்கொண்ட கடமை.

பேராயர் ஊழியமோ பாறையென்றே எண்ணப்பட்டது. திருநெல்வேலியில் அதற்குக் கொடுத்த விலை பெரிது. லூத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்று, ஆங்கிலிக்கச் சங்கத்தின்கீழ் உழைத்தவர் ரேனியஸ் ஐயர். தம் உபதேசியார்கள் பேராயர் கையால்தான் பட்டம் பெறவேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளைக் கண்டித்தும் எழுதினார். 1835இல் சங்கம் அவருடன் கொண்டிருந்த தொடர்பை அறுத்தது. சபைகள் பிளந்தன. 1838இல் அவர் மறைந்த பின்னரே அப்பிளவு ஆறத் தொடங்கியது. அவர் எழுத்தில் கடுமை இருந்திருக்கலாம். ஒழுங்கைக் காக்க முனைந்தோர் ஒருமையை இழந்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

1888இல் லாம்பெத் மாநாடு ஐக்கியத்துக்கு அடிப்படையாக வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள், இரு திருவருட்சாதனங்கள், அந்தந்த நாட்டுக்கேற்ப அமையும் வரலாற்றுப் பேராயர் ஊழியம் ஆகிய நான்கினை முன்வைத்தது. தரங்கம்பாடியில் 1919இல் கூடியோர் இந்நான்கினையும் ஏற்றனர். அவர்களுள் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர். எனினும் முடிவுகாண 28 ஆண்டுகள் சென்றன. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, பேராயர் கை வைக்காத குருமாரும் மறுபட்டமின்றி ஏற்கப்பட்டனர். அதன்பின் பட்டம் பெறுவோர்க்கு மட்டும் பேராயரின் கை வேண்டுமென விதிக்கப்பட்டது. 1835இல் இடம் கிடையாதிருந்தது 1947இல் கிடைத்தது. இதனைப் பெருந்துரோகமெனக் கருதிய ஆங்கிலிக்கர் இங்கிலாந்திலும் இருந்தனர், நந்தியாலிலும் இருந்தனர். நாமோ, அம்மரபு தன் பெயரை விட்ட அந்நாளில்தான் தன் இயல்பை முழுமையாக வெளிப்படுத்திற்று என்போம்.

ஆனால் ஒன்றை நம்மவர் மறந்தனர். பேராயர் ஊழியத்தை ஏற்ற நம் திருச்சபை அமைப்புவிதி, அதனை விதிக்குட்பட்ட ஊழியமாகவே ஏற்றது. வரலாற்றுத் தொடர்ச்சிக்கு இதுவே பொருள் என எவரையும் கட்டாயப்படுத்தவுமில்லை. இன்றோ தொடர்ச்சியைக் குறித்து வாய் நிறையப் பேசுகிறோம்; விதி தேர்தல் வந்தால் மட்டுமே நினைவுக்கு வருகிறது. 1662ஆம் ஆண்டு ஜெப புத்தகத்தைத் திறந்து பாருங்கள். குருப்பட்ட ஆராதனையில் பேராயர் தனித்துக் கை வைப்பதில்லை. உடனிருக்கும் குருமாரும் அவரோடு சேர்ந்தே கை வைக்கின்றனர்.