பலகையும் தெருவும்: 'கிரிட்டிக்கல் திங்கிங்' திரைப்படத்தை முன்வைத்து

சதுரங்கத்தை மையமாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் தனிமனித மேதைமையைக் கொண்டாடுபவை. 2020 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த 'கிரிட்டிக்கல் திங்கிங்' அவ்வழியில் செல்லவில்லை. ஜான் லெகுய்சாமோ இயக்கி, ஆசிரியர் மரியோ மார்டினெஸாக நடித்துமிருக்கும் இந்தச் சுயாதீனத் திரைப்படம், மயாமி ஜாக்சன் உயர்நிலைப்பள்ளியின் சதுரங்க அணி 1998இல் தேசியப் பட்டம் வென்ற உண்மை நிகழ்வைத் தழுவியது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களைச் சேர்ந்த வறிய மாணவர் ஐவரே கதையின் நாயகர்கள்.

கொலையும் போதை வணிகமும் காவல்துறையின் சந்தேகமும் சூழ்ந்த தெருவுக்கு எதிரே ஒரு வகுப்பறையை நிறுத்துகிறது படம். வகுப்பறை தெருவை வென்றுவிட்டதாக அது எளிதில் சொல்லிவிடுவதில்லை. ஈடோ என்னும் மாணவன் போதைப்பொருள் வணிகத்தின் பக்கம் இழுக்கப்படும் பகுதி இதற்குச் சான்று. செட்ரிக்கின் தந்தையாக மைக்கேல் கே. வில்லியம்ஸ் நடித்திருக்கிறார். தந்தையும் மகனும் பலகையின் இருபுறமும் அமரும் காட்சிகளில், பேச முடியாத துயரமே காய்களாக நகர்கிறது. 2021இல் மறைந்த அக்கலைஞரின் அடக்கமான நடிப்பு படத்தின் தலைசிறந்த பகுதி என்போம்.

இத்தகைய படத்தைப் பார்க்கையில் நமது ஃபிக்ஹு மரபின் பழைய விவாதம் ஒன்று நினைவுக்கு வருவது இயல்பே. சதுரங்கத்தை ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்களில் பெரும்பாலோர் தடுக்கப்பட்டதாகவே கருதினர். ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ் எனினும் ஹராம் அன்று. பந்தயப் பணம் கூடாது, தொழுகை தவறக் கூடாது, நாவு வசைமொழியில் விழக் கூடாது என்பன நிபந்தனைகள். தாபிஈன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகைக் காட்டியவாறே ஆடக்கூடியவர் என்னும் செய்தியும் அம்மரபில் பேணப்பட்டுள்ளது. இரு தரப்பாரையும் கவலைகொள்ளச் செய்த வினா ஒன்றே: இவ்விளையாட்டு ஆடுபவனை எங்கே கொண்டு சேர்க்கிறது?

இந்த வினா படத்தைவிடவும் ஆழமானது. ஆட்டம் மனிதனைக் கடமையிலிருந்து திருப்பிவிடும் என அஞ்சினர் நம் முன்னோர். மயாமியின் இச்சிறுவர்களுக்கோ, ஆட்டம் இல்லாத நேரம் தெருவின் நேரமாக இருந்தது. ஒரு நகர்வுக்கு முன் அதன் விளைவை எண்ணிப் பார்க்கும் பழக்கமே அங்கு உயிர்காக்கும் அறிவாகிறது. இதைக் கொண்டு மார்க்கத் தீர்ப்பு கூற நாம் முற்படவில்லை. விதியின் பின்னுள்ள காரணத்தையும் ஆடுபவனின் சூழலையும் சேர்த்தே காண வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

ஒடுக்கப்பட்டோரின் பங்கு வரலாற்று நூல்களில் மறைக்கப்பட்டதை ஆசிரியர் மார்டினெஸ் தம் மாணவர்க்கு எடுத்துரைக்கிறார். கியூபாவின் கபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வாகையராக விளங்கியவர். அப்பெயர் கியூபாவிலிருந்து வந்த ஒரு சிறுவனுக்கு என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த நியாயத்தை இன்னும் சற்றுப் பின்னோக்கி நகர்த்திப் பார்ப்பது நம் கடமை. அச்சிறுவனின் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில் சதுரங்கத்தின் பெயர் 'அஹெத்ரெஸ்'. அது 'அஷ்ஷத்ரஞ்ச்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பிஷப் எனப்படும் காய்க்கு அம்மொழியில் 'அல்ஃபில்' என்று பெயர்; அதுவோ அரபியின் 'அல்ஃபீல்', அதாவது யானை. இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக பக்தாத் சென்று, அஸ்ஸூலி போன்ற வல்லுநர்களால் வளர்ந்து, அந்தலூஸ் வழியே ஐரோப்பாவை அடைந்தது இக்கலை. 1283இல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ செவில் நகரில் தொகுப்பித்த விளையாட்டு நூலும் அரபு மூலங்களுக்குக் கடன்பட்டதே. மயாமியின் சிறுவன் தன் மொழியில் ஒரு காயின் பெயரைச் சொல்லும்போதே மறக்கப்பட்ட ஒரு நாகரிகத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறான்.

குறைகளும் உண்டு. பிற்பகுதி வழக்கமான விளையாட்டுப் படங்களின் தடத்திலேயே ஓடி வெற்றியில் முடிகிறது. அணியின் உலகில் மாணவியர்க்கு இடமே இல்லை. கொச்சைச் சொற்கள் மிகுதி. குடும்பத்தோடு பார்க்க விழைவோர் இதனை அறிந்திருத்தல் நலம். எல்லாவற்றினும் பெரிய குறை, பட்டம் வென்றதால்தான் இச்சிறுவர்கள் நம் கவனத்துக்கு உரியவராயினர் என்னும் எண்ணத்தைப் படம் கேள்விக்கு உட்படுத்தாததே. அதே ஆண்டு, அதே வறுமையில் இருந்து, முதல் சுற்றிலேயே தோற்றுப்போன அணியின் பிள்ளைகளும் அதே மதிப்புக்கு உரியவர்கள் அல்லவா?

ஆயினும் மாணவன் ஒருவனை ஒருபோதும் கைவிடாத ஓர் ஆசிரியரை இப்படம் நமக்குக் காட்டுகிறது. கல்வி நிலையங்களை நிறுவுவதில் முனைப்புக் காட்டும் நம் சமுதாயம், கட்டடங்களை எண்ணுவதோடு இத்தகைய ஆசிரியர்களையும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினால், இப்படத்தைப் பார்த்த நேரம் வீணாகவில்லை என்று கொள்ளலாம்.